கொட்டகைக்குள் ஒரு மேஸி

திண்டிவனத்தில் செஞ்சி சாலை பிரிகிற பக்கம் காலை எட்டு மணிக்கெல்லாம் வெல்டிங் பொறி பறக்க ஆரம்பித்துவிடுகிறது. டிரெயிலர் தொட்டி கட்டுகிறவர்கள், அஞ்சு கலப்பை ஒன்பது கலப்பை அடிக்கிறவர்கள், சேற்றுழவுக்குக் கேஜ் வீல் வளைக்கிறவர்கள் என்று வரிசையாகப் பட்டறைகள். தை முடிவதற்குள் கரும்பு வெட்டு சூடு பிடித்துவிடும். முண்டியம்பாக்கம் ஆலைக்கு லோடு அடிக்கிற வண்டிகள் கிளட்ச் தேய்ந்து, ஹைட்ராலிக் ஒழுகி இங்கே வந்து நிற்கின்றன. பழைய டிராக்டரை ஆசைக்காகப் புதுப்பிக்கிறவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பட்டறையில் கேட்டேன். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

“ஆசைக்கா? டீசல் என்னா விலை விக்குது, தெரியுமா சார்?”

சிரித்து முடித்து அவரே வழியும் சொன்னார். கூட்டேரிப்பட்டில் மயிலம் பக்கம் திரும்பி, பஸ் மேஸ்திரி வீடு எது என்று கேட்டால் போதுமாம்.

அமெரிக்காவில் பழைய டிராக்டரைப் புதுப்பிப்பது பெரிய பொழுதுபோக்கு. அங்கே வீட்டைச் சுற்றிப் புல்வெளி. அதை வெட்டவும் பனி தள்ளவும் சிறு டிராக்டர்கள். 1946ல் இந்தியானாவில் பிறந்த வீல் ஹார்ஸ், 1961ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இறக்கிய கப் கேடட் போன்றவற்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்துக் கண்காட்சிக்கு ஏற்றிச் செல்கிறார்கள். அதே ஹார்வெஸ்டர் கம்பெனி 1963ல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து நமக்குக் கொடுத்தது பி 275. புல் வெட்டுகிற வண்டிக்கு நம்மிடம் வேலையே இல்லை. சின்ன வண்டி என்று நாம் சொல்வது இருபத்தைந்து, முப்பத்தைந்து குதிரைச் சக்தியில் ஒரு குடும்பத்தின் மொத்த நிலத்தையும் உழுதுபோட்ட வண்டி. அதனால் இங்கே பழைய வண்டி ஷோகேஸுக்குப் போவதில்லை. உழுது தேய்ந்தபின் தண்ணீர் டேங்கர் இழுக்கும். பிறகு செங்கல் சூளைக்கு மண் அடிக்கும். கடைசியில் காயலான் கடை. நடுவில் யாராவது கை கொடுத்து நிறுத்தினால் உண்டு.

பஸ் மேஸ்திரி போக்குவரத்துக் கழகப் பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே 1970களின் மேஸி ஃபெர்குசன் 1035, மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜினோடு. ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இன்னும் தென்னாற்காடு மாவட்டம்தான் இருக்கிறது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ல். வண்டி அதற்கு மூத்தது.

புளியமரத்தடியில் பல வருஷம் மழையில் நின்ற வண்டி. இன்ஜின் இறுகிக் கிடந்ததற்குக் காரணம் அற்பமானது. செங்குத்தாக நிற்கிற சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வண்டியை நிறுத்தியபோது எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, மழைத் தண்ணீர் அதற்குள் நேராக இறங்கிவிட்டது. மற்ற இரண்டும் பழுதில்லாமல் இருக்க, இந்த ஒரு பிஸ்டன் லைனரோடு ஒட்டிக்கொண்டது. நாசில்களைக் கழற்றி, டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றிக் காத்திருந்திருக்கிறார். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு ஆள் முன்னும் பின்னும் அசைத்தார்கள். சுத்தியலால் அடித்து இறக்கப் பார்த்தால் பிஸ்டன் போய்விடும் என்றார்.

துருவுக்கு அவர் வைத்திருக்கிற மருந்துதான் எனக்குப் பிடித்தது. மாட்டுத் தீவனத்தில் கலக்க வாங்குகிற மொலாசஸ். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி, நீல டிரம்மில் இரும்புப் பாகங்களை இரண்டு வாரம் ஊறப்போடுகிறார். சர்க்கரைப் பாகில் இருக்கும் பொருள்கள் துருவைப் பிடித்துக் கரைத்து இழுத்துவிடும். நல்ல இரும்பை அதிகம் தொடாது. அலுமினியத்தை மட்டும் அதில் போடக்கூடாது, தின்றுவிடும். நாற்றம் கொட்டகைக்கு வெளியே வரை வருகிறது. கரும்பு ஊரில் கரும்புக் கழிவே துருவை எடுக்கிறது. ஆசிட் வாங்குகிறவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பின்பக்கம் வந்து மூன்று கைகளைக் காட்டினார். கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பை மாட்டுகிற இந்த அமைப்பின் வேர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனிடம் இருக்கிறது. அதற்கு முன் டிராக்டர் கலப்பையைச் சங்கிலியில் கட்டி மாட்டைப் போல இழுத்தது. கலப்பை கல்லில் மாட்டினால் முன் சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுகிறவன் மேலேயே கவிழும். ஃபெர்குசன் கலப்பையையும் வண்டியையும் ஒரே உடம்பாக்கினார். மண்ணின் இறுக்கம் கூடினால் மேல் கை அழுந்தும். அந்த அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். சுமை பின் சக்கரத்தில் இறங்கிப் பிடிமானம் கூடும். 1938ல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில்லாமல் கைகுலுக்கி இதைக் கொடுத்தார். பின்னாளில் ஃபோர்டின் வாரிசுகள் அதை முறித்துக்கொள்ள, வழக்குப் போட்டு 1952ல் 92.5 லட்சம் டாலர் வாங்கினார். இதற்கிடையே இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை அவருடைய சாம்பல் நிற டி.இ. 20 ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. அடுத்து வந்த 35 வரிசைதான் மேஸி ஃபெர்குசன் என்ற பெயரில் சிவப்பானது. 1960ல் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் அனந்தராமகிருஷ்ணன் டாஃபே நிறுவனத்தைத் தொடங்க, அந்த வம்சம் சென்னை செம்பியத்துக்கு வந்து சேர்ந்தது.

“நான் பஸ்ஸுல முப்பது வருஷம் பாத்தேன் சார். இந்த மாதிரி ஒரு யோசனை எதுலயும் பாக்கல” என்றார். மூன்று கைகளையும் துடைத்து வைத்திருந்தார். ஹைட்ராலிக் பம்ப் மட்டும் இன்னும் மூட்டையில் இருக்கிறது.

எங்களுக்குள் சின்னத் தகராறு வந்தது மட்கார்டில்தான். இடது மட்கார்டில் ஒரு பெரிய தகடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. களத்துக்குப் போகிற பெண்கள் ஏறி உட்காருவதற்காகப் பழைய சொந்தக்காரர் அடித்தது. அதை எடுத்துவிட்டுக் கம்பெனி வடிவத்துக்குக் கொண்டுவரப் போகிறீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். பானெட்டைத் தேய்த்தபோது சிவப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மறுபடி சிவப்பு வந்ததாம். நடுவில் யாரோ ஒருவர் ஃபோர்டு ஆசையில் இருந்திருக்கிறார். அந்த நீலத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டை மேஸ்திரி தேய்க்காமல் விட்டிருக்கிறார். எனக்கு அது சரியாகப்பட்டது. மட்கார்டுத் தகடும் இருக்கட்டும். ஆனால் முன்னால் மாட்டியிருக்கிற பஸ் ஹெட்லைட் இரண்டும் வரலாறு இல்லை, வெறும் சோம்பல். சொன்னேன்; கேட்டுக்கொள்ளவில்லை.

மதியம் அவரோடு விழுப்புரம் போனேன். பஸ்ஸில் மடியில் துணி சுற்றிய கிராங்க்கை ஒரு குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்தார். லேத் பட்டறையில் அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அடுத்த அண்டர் சைஸ் பேரிங் போடலாம் என்றார்கள். அடுத்து டீசல் பம்ப் பார்க்கிற கடை. சி.ஏ.வி. பம்பை பெஞ்சில் மாட்டிச் சுற்றினால், வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு குழாயில் மட்டம் குறைந்தால் வண்டி ஐடிலில் நொண்டும். கடைப் பையன் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும்வரை விடவில்லை.

உதிரி பாகம் விஷயத்தில் மேஸிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சிம்ப்சன் இன்ஜின் நாடெங்கும் ஓடியதால் லைனர், ரிங், கேஸ்கெட் விழுப்புரத்திலேயே கிடைக்கிறது. கிடைக்காததற்குச் சென்னையில் ஜி.பி. ரோடு, அதிலும் இல்லாததற்குப் புதுப்பேட்டை. எச்.எம்.டி. வைத்திருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். 1971ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டரோடு சேர்ந்து பிஞ்ஜோரில் ஆரம்பித்த அந்தப் பொதுத்துறைப் பிரிவை 2016ல் மூட முடிவெடுத்துவிட்டார்கள். 2511க்கு ஒரு கியர் வேண்டுமென்றால், செத்த இன்னொரு 2511ஐத்தான் தேட வேண்டும்.

காகிதமும் ஒரு தலைவலி. 2021ல் மத்திய அரசு ஐம்பது வருஷம் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற தனிப் பதிவு வரிசை கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். உருவம் பழையபடியே இருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டக் கூடாது. காரை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. கலப்பை மாட்டினால்தானே டிராக்டர்? மேஸ்திரி சாதாரண ஆர்.சி.யையே புதுப்பிக்கப் பார்க்கிறார். சேஸி நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

திரும்பும்போது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் திண்ணையில் இருந்தார். அவருக்கு இந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. நிலவள வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கி, ரெண்டு வருஷம் மணிலா காய்ந்துபோய், வண்டியை ஜப்தி செய்துகொண்டு போனதைப் பார்த்த தலைமுறை. “அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும்” என்றார். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரக மணிலாவைப் பல வருஷம் போட்டவர். ரகங்களைப் பற்றிப் பேசச் சொன்னால் முகம் மாறிவிடுகிறது, டிராக்டர் என்றால் இறுகிவிடுகிறது. பழைய வண்டியைக் கொஞ்சுகிற கட்டுரைகளில் இவர் வருவதே இல்லை.

கொட்டகையின் மூலையில் ஒரு பவர் டில்லரும் கிடக்கிறது. 1967ல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி., மித்சுபிஷியோடு சேர்ந்து செய்த வகை. அமெரிக்கக்காரனின் தோட்ட டிராக்டருக்கு அளவில் இதுதான் நெருங்கிய சொந்தம். யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட இரு சக்கர வண்டிக்கு லேண்ட்மாஸ்டர் என்றே பெயர் நின்றுவிட்டது. அந்த வண்டியை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியாளர் ரே விஜேவர்தன. பிற்காலத்தில் மண்ணை இப்படிப் புரட்டிப் போடுவதே தவறு என்று அவரே வாதிட்டார். டில்லரை எப்போது எடுப்பீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “மேஸி முடியட்டும்” என்றார்.

மாலையில் ஸ்டார்ட் செய்து காட்டினார், கிராங்க் வேலை நடக்கிற இந்த வண்டியை இல்லை. போன வருஷமே முடித்துத் தம்பி வீட்டில் நிறுத்தியிருக்கிற ஒற்றைச் சிலிண்டர் ஐஷரை. ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே ஆறுகிற இன்ஜின். ஃபரீதாபாத்தில் 1959ல் உள்நாட்டிலேயே அசெம்பிள் செய்த முதல் டிராக்டரை இறக்கிய கம்பெனி. ஃபில்டர் தலையில் இருக்கிற திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினார். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டக், டக் என்று ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணலாம். தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, மாட்டுப் பொங்கலுக்கு மாலை போட்டு ஊரைச் சுற்றுவது, திரௌபதி அம்மன் திருவிழாவில் ஜெனரேட்டர் வண்டியை இழுப்பது. வருஷத்துக்கு அவ்வளவுதான் அதற்கு வேலை.

மேஸ்திரியின் வீட்டம்மா காபி கொண்டுவந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஆலைக்கு நாலு நடை கரும்பு அடிச்சா டீசல் காசாச்சும் வரும்ல? நீங்களாச்சும் சொல்லுங்க சார்.”

“ஒத்த சிலிண்டர்ல எவன்டீ கரும்பு அடிப்பான்?” என்றார் மேஸ்திரி. அந்த அம்மா கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

“அதுக்குத்தான் மூணு சிலிண்டர் ஒண்ணு வந்துகிட்டு இருக்குதே.”