டெக்ஸ் வில்லருக்கு ஒரு சீட்டு!

நீங்களும் ஏதாவது ஒண்ணுக்கு வெறித்தனமான ரசிகரா இருப்பீங்க. கிரிக்கெட், கொரியன் பாட்டு, குட்டி குட்டி கார் பொம்மை... ஏதோ ஒண்ணு. நமக்கு காமிக்ஸ்! சிவகாசியிலிருந்து வர்ற முத்து, லயன் காமிக்ஸ்தான் நம்ம குலதெய்வம். இரும்புக்கை மாயாவி, லக்கி லூக், டெக்ஸ் வில்லர் எல்லாம் பரிவாரம்.

இந்தக் குலதெய்வத்துக்கு காணிக்கை கொஞ்சம் ஜாஸ்தி. நல்ல பேப்பர், கலர் அச்சு, வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு உரிமத் தொகைன்னு எல்லாம் சேர்ந்தா விலை ஏறத்தானே செய்யும்?

எங்க ஊர் திருப்பூர். அப்பா பனியன் கம்பெனியில டெய்லர். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும், ஊர்ல பல கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைஞ்சது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு இருந்த அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை. சனிக்கிழமை சம்பளக் கவர் இளைச்சுப் போச்சு. ‘இந்த மாசம் புக் வேணாம்டா’ன்னு அம்மா ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்! சொல்லாததால நானே நிறுத்திட்டேன்.

ரெண்டு மாசம் ஓடுச்சு. கை நமநமங்குது. அப்போதான் நம்ம டெக்ஸோட ஜாதகம் ஞாபகம் வந்துச்சு. மனுஷன் பிறந்தது 1948, இத்தாலி. உலகப்போர் முடிஞ்சு நாடே துண்டு விழுந்த பட்ஜெட்ல ஓடிட்டு இருந்த நேரம். போனெல்லி எழுத, கலெப்பினி வரைய, டெக்ஸ் முதல்ல வந்தது பெரிய புத்தகமா இல்லீங்க. பையன்கள் சில்லறைக் காசுல வாங்குற மாதிரி, நீளவாக்குல ஒரு குட்டிப் புத்தகம். கறுப்பு வெள்ளைதான். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா கதை. ஆக, நம்ம ஹீரோவே கஷ்டகாலத்துல, மலிவு விலையில பிறந்தவர்தான். அவரை ரசிக்க நான் ஏன் பணக்காரனா இருக்கணும்?

உடனே கிளாஸ்ல அஞ்சு பேரைப் பிடிச்சேன். ‘காமிக்ஸ் சீட்டு’ ஆரம்பம்! கணக்கு ரொம்ப சிம்பிள். புக் விலை 150 ரூபாய்னு வெச்சுக்குங்க. ஆளுக்கு மாசம் 25 ரூபாய். பேரெழுதி, சீட்டு குலுக்கி எடுப்போம். பேர் வந்தவனுக்கு புக் சொந்தம். ஆனா, அவன்தான் கடைசியா படிக்கணும்! மத்த அஞ்சு பேருக்கும் ஆளுக்கு நாலு நாள். ஒரு தடவை எடுத்தவன் பேர் மறுபடி குலுக்கல்ல வராது. ஆறு மாசம் முடிஞ்சா ஒவ்வொருத்தனும் கட்டினது 150 ரூபாய். படிச்சது ஆறு புக், அலமாரியில ஒண்ணு. கலர் புக் விலை எகிறுதா? அந்த மாசம் கறுப்பு வெள்ளைக்குத் தாவிடுவோம்.

‘எதுக்கு பாஸ் இந்தத் தலைவலி? பி.டி.எஃப். சும்மாவே கிடைக்குமே’ங்கறீங்களா? தமிழ்ல காமிக்ஸ் வாங்குற கூட்டமே சின்னது. இந்த புக் வித்தாத்தான் அடுத்த புக்குக்கு உரிமத் தொகை கட்ட முடியும். ஆறு பேர் சேர்ந்து வாங்கினா ஒரு புக்காவது விக்குது. ஆறு பேரும் டவுன்லோடு பண்ணினா? முட்டை!

அதே மாதிரி, பழைய முத்து காமிக்ஸுக்கு ஆயிரக்கணக்குல விலை சொல்ற ஆளுங்க இருக்காங்க. வேடிக்கை பாருங்க, பர்ஸைத் திறக்காதீங்க. மாயாவி கதைகள் மறுபதிப்பாவும் வந்திருக்கு. எடைக்குப் போடுற பேப்பர் கடையில ஞாயித்துக்கிழமை ஒரு ரவுண்டு அடிங்க. ஜனவரியில சென்னை, ஆகஸ்ட்ல ஈரோடுன்னு புத்தகக் காட்சிகள் வருது. அங்கே வழக்கமா 10 சதவீதம் கழிவு உண்டு. சீட்டுக் காசை அதுக்குன்னு சேர்த்து வெச்சா, பஸ் டிக்கெட்டுக்குக் கட்டுபடி ஆகுதான்னும் கணக்கு போட்டுக்குங்க!

எங்க சீட்டுல இப்போ ஏழாவதா ஒரு மெம்பர். வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சும்மா உட்கார்ந்திருந்த அப்பா என் பையிலிருந்து டெக்ஸை எடுத்தார். சின்ன வயசுல நாலணா வாடகைக்கு மாயாவி படிச்ச ஆளாம்! இத்தனை வருஷமா எனக்கே தெரியாது. 1972-ல முத்து காமிக்ஸோட முதல் புக்கே மாயாவிதான்னு அவருக்கு நான் கிளாஸ் எடுத்தேன். அவர் எனக்கு கதையையே சொல்லிட்டார். கரன்ட் ஷாக் அடிச்சதும் உடம்பு மறைஞ்சு, இரும்புக்கை மட்டும் தெரியற இடத்தை நடிச்சே காட்டினார். பல வாரம் கழிச்சு அன்னிக்குத்தான் அம்மா சத்தமா சிரிச்சாங்க.

ஏழாவது மெம்பர் இன்னிக்கு வரைக்கும் 25 ரூபாய் கட்டலை. கேட்கிற தைரியமும் எங்களுக்கு இல்லை!

உங்க பைத்தியம் எதுவா இருந்தாலும் சரி, பர்ஸ் காலியாச்சுன்னு அதை மூட்டை கட்டாதீங்க. இன்னிக்கு சாயங்காலம் ஹாஸ்டல் வராந்தாவுல நின்னு ஒரு குரல் விடுங்க. அதே பைத்தியம் பிடிச்ச அஞ்சு பேர் கதவைத் திறந்துட்டு வருவாங்க. ஆனா ஒண்ணு... குலுக்கல்ல பேர் வந்தவன்கிட்ட முதல்ல புக்கைக் கொடுத்துடாதீங்க. அப்புறம் திரும்பி வரவே வராது!