சாம்பல் நிறச் சுவரும் வீட்டின் பரக்கத்தும்



வில்லியனூர் கொம்யூனில் உள்ள சேதராப்பட்டு, புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் அமைந்த ஊர். செம்மண் பூமி. தொழிற்பேட்டைக்குச் செல்லும் சரக்குந்துகள் எழுப்பும் புழுதி எந்த வெள்ளைச் சுவரையும் நீண்ட நாள் வெள்ளையாக இருக்க விடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர்கள் நன்கு காய்ந்த பிறகு, தங்கையின் நிக்காஹுக்கு முன்னதாக எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூசுவதென்று முடிவாயிற்று. உள்சுவர்களுக்கு நான் தேர்ந்தெடுத்த நிறம் இளஞ்சாம்பல்.

அந்தத் தேர்வுக்குக் காரணம் புழுதி மட்டுமன்று. அம்மாவின் கண்களே முதற்காரணம். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயால் அம்மாவின் பார்வை குறுகிவிட்டது. இந்நோய் முற்றும்போது ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்தறியும் ஆற்றலும் குறைகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு நிலை, வெள்ளை சுவிட்சுப் பலகை என்று எல்லாம் ஒரே நிறமாக இருந்த வீட்டில், தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும் அம்மா ஒளு செய்யச் செல்லும் வாசலைக் கையால் தடவியே கண்டுபிடிப்பார். சுவர் சாம்பல் நிறமாகவும், நிலையும் பலகையும் வெள்ளையாகவும் இருந்தால் வாசலின் விளிம்பு எடுப்பாகத் தெரியும். பளபளப்பில்லாத பூச்சாக இருந்தால் விளக்கொளி பட்டுக் கண் கூசுவதும் குறையும்.

இதைக் கேட்டதும் பெரியம்மா முகம் சுருங்கினார். "நிக்காஹ் வைத்திருக்கிற வீட்டுக்குப் போய் யாராவது சாம்பல் நிறம் அடிப்பார்களா? பார்க்கிறவர்கள் மவ்த்து வீடு என்று நினைக்க மாட்டார்களா?" என்றார். மற்றோர் உறவினர், "ஆசிரமத்துக் கட்டடம் போலல்லவா இருக்கும்!" என்றார். இரண்டும் அன்பினால் எழுந்த சொற்களே. ஆயினும் இரண்டையும் மார்க்கத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் சகுனம். பறவை பறக்கும் திசையையும் பிறவற்றையும் கொண்டு தீய சகுனம் பார்ப்பது அறியாமைக் கால அரபியரின் வழக்கம். நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்துரைத்ததையும், அதற்கு மாறாக நற்சொல்லை விரும்பியதையும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நிகழ்கின்றன என்று ஈமான் கொண்டவர்களின் வீட்டில், வாளியில் கலக்கிய பூச்சுக்கு ஒரு பெண்ணின் இல்வாழ்வைக் கெடுக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? நிற வேறுபாடுகளைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் திருக்குர்ஆனில் (30:22) குறிப்பிடுகிறான். அவற்றுள் ஒன்றை நாமாகத் துக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, பின்பு நாமே அதற்கு அஞ்சுகிறோம்.

அடுத்து, ஆசிரமத்தின் நிறம் என்ற பேச்சு. புதுச்சேரி நகரில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள் பல சாம்பலும் வெள்ளையுமாக நிற்பது உண்மைதான். அதே ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்ட் விடுதியையும் எண்ணிப் பாருங்கள். செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய அக்கட்டடத்தின் அழகு, மேற்பூச்சில்லாத கான்கிரீட்டின் சாம்பல் நிறமே. அதற்கு ஐதராபாத் நிஜாமின் நன்கொடை சர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்தது. அந்த நன்றியின் அடையாளமாகவே அதற்குக் கோல்கொண்டாவின் பெயர் அமைந்தது. ஒரு வழிபாட்டின் அடையாளமாக அமைந்த சின்னத்தைத் தவிர்ப்பது வேறு. நிறத்தையே ஒரு சாராருக்குப் பட்டா எழுதிக் கொடுப்பது வேறு.

பெரியம்மாவிடம் நான் வாதாடவில்லை. அம்மாதான் மெல்லச் சொன்னார்: "அக்கா, எனக்கு வாசல் தெரியும்." அதன் பிறகு பெரியம்மா நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. பெயிண்டர் வந்த அன்று காலையில், "பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கச் சொல்" என்று மட்டும் கூறினார். நபிகளார் விரும்பிய நற்சொல் அதுவாகவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

சாம்பல் நிறத்தை நாடுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சாம்பல் என்பது ஒரே நிறமன்று. சிலவற்றில் நீலம் ஒளிந்திருக்கும். சிலவற்றில் பச்சை அல்லது பழுப்பு. ஷேடு கார்டின் சிறு கட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், சுவரில் இரண்டடிச் சதுரம் பூசிக் காயவிட்டு, ஃபஜ்ர், லுஹர், அஸர், மஃரிப் என ஒவ்வொரு வேளைத் தொழுகைக்குப் பின்னும் பார்த்தோம். லுஹர் வெளிச்சத்தில் இதமாகத் தெரிந்த ஒரு நிறம், மஃரிபுக்குப் பின் வெண்ணிற எல்இடி விளக்கில் நீலம் பாரித்துக் குளிர்ந்து போயிற்று. பழுப்புச் சாயல் கொண்ட மற்றொன்றே எல்லா வேளையிலும் ஒத்துவந்தது. வெளிச்சம் குறைந்த அறைக்கு அடர்சாம்பல் ஆகாது. அது ஒளியை விழுங்கிவிடும், பகலிலும் விளக்கெரிக்க நேரும். தரையும் சுவரும் ஒரே சாம்பலாக இருந்தால் முதியோருக்குத் தரை முடியும் இடம் தெரியாது.

குழந்தைகள் உள்ள வீட்டினருக்கு இன்னொன்று. வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் இந்திய அரசின் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, சன்னல் பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக் கூடும். அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டுவதும், அவ்வேளையில் பிள்ளைகளை அப்புறப்படுத்துவதும் அவசியம்.

ஒரு சுவருக்கு மட்டும் விலை உயர்ந்த சுவர்த்தாள் ஒட்டலாம் என்று பெயிண்டர் யோசனை கூறினார். தங்கைக்கும் அதில் ஆசைதான். வாசலில் தொங்கவிட்டிருந்த திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாமல் அகற்றியதையும், கல்லையும் மண்ணையும் போர்த்துவது நமக்கு ஏவப்படவில்லை என்ற கருத்தில் அவர்கள் மொழிந்ததையும் ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் உள்ளது. அத்தா அதை எடுத்துச் சொல்லவே, சுவர்த்தாளுக்கு ஆகவிருந்த தொகை வலீமா விருந்தின் பக்கம் சென்றது.

வீடுகளை நமக்கு அமைதித் தலமாக அல்லாஹ் ஆக்கியிருப்பதைத் திருக்குர்ஆன் (16:80) நினைவூட்டுகிறது. நிறத்தைத் தேர்வதற்கு அதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் யாருடைய கண் தளர்ந்திருக்கிறது, யாருக்கு இந்தச் சுவர் இளைப்பாறுதல் தரும் என்று முதலில் கேட்போம். வருவோர் என்ன சொல்வார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் இல்லங்களைச் சகுன அச்சத்திலிருந்தும் வீண்விரயத்திலிருந்தும் அல்லாஹ் காத்து, அவற்றில் வாழும் முதியோருக்கும் சிறாருக்கும் நிம்மதியை அருள்வானாக. ஆமீன்.