இருபதோடு நிறுத்து

கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிமார் என்னிடம் தவறாமல் கேட்பது இதைத்தான்: "ஐயா, இந்த லைனில் இன்னும் எத்தனை மீற்றர் போடலாம்?"

கொழுந்து வாட்டும் இடத்து ஈரப்பதமானி, ட்ரையரின் வெப்பமானி, மோட்டார்களின் மின்மீற்றர் எல்லாம் ஒரே சோடிக் கம்பியில் கோத்திருக்கும். கம்பி ஆர்.எஸ்.485. அதில் ஓடும் பாஷை பெரும்பாலும் மோட்பஸ், 1979இல் மோடிகன் நிறுவனம் தன் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக வகுத்தது.

பழைய ரகக் கருவி என்றால் 32 என்கிறது புத்தகம். புதுச் சில்லு, 256 கூடத் தாங்கும் என்பார் விற்பவர். மோட்பஸ் முகவரியோ 247 வரை உண்டு. மூன்றும் உண்மைதான், ஆனால் செய்தி எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரவேண்டும் என்று கேட்காமல் மூன்றையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தலைமைக் கருவி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத்தான் விசாரிக்கும். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் பத்து அளவீடு கேட்டுப் பதில் வாங்க, கருவி யோசிக்கும் நேரமும் சேர்த்து, சுமார் 70 மில்லி செக்கன். முப்பது கருவிக்கு இரண்டு செக்கன். மோசமில்லை. ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இந்த மலைகளில் இடி இடிக்கிற இடியில், ஒரே பின்னேரத்தில் மூன்று நான்கு கருவி ஊமையாகிவிடலாம். ஊமையான ஒன்றுக்கு ஒரு செக்கன் காத்திருந்து மூன்று தரம் கூப்பிடும்படி அமைத்திருந்தால், ஒரு சுற்று பத்துச் செக்கனைத் தாண்டும். ட்ரையருக்கு அது ஒன்றுமில்லை. மேட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, மூடிய வால்வை முட்டிக்கொண்டு நின்றால், அதற்கு அது நீண்ட நேரம்.

பதில் சொல்லாதவனுக்காகக் காத்திருந்து, பதில் சொல்கிறவனைப் பிந்தவைப்பது குடும்பங்களிலும் நடக்கிறது. கூப்பிடுகிறவர்களுக்கும் ஓர் எல்லை வேண்டும். என்னைப் போல ஓய்வு பெற்றவனைக் கண்டால் கோயில் சபையார், மரண உதவிச் சங்கத்தார், பழைய மாணவர் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நான் இரண்டில் இருக்கிறேன். மூன்றாமவருக்குத் தேநீர் மட்டும் உண்டு.

எல்லையை முன்னமே வைப்பதை ஆற்றிலும் பார்க்கலாம். பொல்கொல்லை அணையில் 1976 முதல் மகாவலியின் ஒரு பங்கு சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்குப் போகிறது. சுரங்கம் கொள்ளாத தண்ணீர் அணைக் கதவு வழியே இறங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகும். சுரங்கம் எவ்வளவு கொள்ளும் என்ற அளவைக் கட்டும்போதே வைத்துவிட்டார்கள். வெள்ளம் வந்த அன்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை.

ஆகவே தம்பி, லைனை நிலைப்படுத்தும் தடைகள் போட்டால் அவையே நாலு கருவியின் இடத்தைத் தின்னும். 32இல் மிஞ்சுவது 28. இரு முனையிலும் 120 ஓம் போடு. பம்புக்குத் தனி லைன் இழு. ஊமையானதைச் சுற்றிலிருந்து தள்ளிவைத்து எப்போதாவது ஒருதரம் கூப்பிடச் சொல். இருபதோடு நிறுத்து. மிச்ச எட்டு இடத்தையும் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிய வரைபடத்தில் வெறுமையாகக் காட்டு. அடுத்த வருடம் முதலாளி இன்னும் நாலு மீற்றர் கேட்பார். கேட்காத முதலாளியை நான் கண்டதில்லை.