தரங்கம்பாடி: சித்தப்பாவின் பையில் இருந்த ராஜினாமா கடிதம்

காரைக்காலில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் தரங்கம்பாடி. மெயின் ரோட்டில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால், வெள்ளையடித்த பழைய நுழைவாயில் ஒன்று வரும். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. வண்டிச் சத்தம் மெல்லக் குறைந்து, அலைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது.

என்னுடன் வந்தவர் என் சித்தப்பா. ஒரு கிராமத்துச் சபையில் போதகர். வரவு செலவுக் கணக்கை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார் என்பதற்காக, ஆறு மாதமாக கமிட்டியில் பாதிப்பேர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிலர் ஞாயிறு ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

"ராஜினாமா எழுதி பையில வெச்சிருக்கேன்மா. கொடுக்கறதுக்கு முன்னாடி தரங்கம்பாடியை ஒரு தடவை பார்த்துடணும். நீயும் வா" என்றார். கிளம்பிவிட்டோம்.

கரையில் வரவேற்க ஆள் இல்லை

முதலில் கடற்கரை. ஒரு பக்கம் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில் அது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கொஞ்ச தூரத்தில், பர்த்தலோமேயு சீகன்பால்கு வந்து இறங்கியதன் நினைவுச்சின்னம்.

1706 ஜூலை 9. ஜெர்மனியைச் சேர்ந்த சீகன்பால்கும் நண்பர் புளூட்சோவும் இங்கே வந்தார்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். ராஜாவே அனுப்பிய ஆள் என்றால் ராஜ மரியாதைதானே கிடைத்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. கோட்டையின் தலைவர் ஹாசியஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு வந்த கம்பெனிக்கு மிஷனரிகள் தொந்தரவாகத் தெரிந்தார்கள். 1707-ல் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள். எஜமானர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சர்யம் இல்லை.

வந்தபோது சீகன்பால்குக்கு சுமார் 24 வயது, கிட்டத்தட்ட என் வயது. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார்.

கோட்டைக்குள் நான்கு மாதம்

அடுத்து டான்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தொடங்கியது. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் வளைந்த கூரை கொண்ட அறைகள். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே உப்புக்காற்றின் ஈரம். சித்தப்பா ஓர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

கடன் தகராறு ஒன்றில், கணவரை இழந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக சீகன்பால்கு பேசப் போனார். அதைத் தனக்கு எதிரான கலகமாக எடுத்துக்கொண்டார் ஹாசியஸ். 1708 நவம்பரில் கைது. நான்கு மாதம் இந்தக் கோட்டையில் சிறை.

இதில் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க அவர் உட்கார்ந்தது 1708 அக்டோபர் 17. வேலை சூடுபிடிப்பதற்குள் சிறை. வெளியே வந்தவர் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711 மார்ச் 31-ல் முடித்தார்.

"ஹாசியஸ் அதுக்கப்புறம் மனசு மாறிட்டாரா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அவர் மாறினாரான்னு பார்த்துட்டே உட்கார்ந்திருந்தா இந்த வேலை முடிஞ்சிருக்குமா?" என்றார்.

சொந்த ஆட்களின் எதிர்ப்பு

ராஜ வீதியில் இருக்கிறது புதிய எருசலேம் ஆலயம். 1718-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சீகன்பால்கின் கல்லறை இதற்குள்தான். உள்ளே எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

சித்தப்பாவை உலுக்கியது கோட்டைக் கதையைவிட இங்கே பேசிக்கொண்ட கதைதான். தமிழ் மக்களின் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அவரை ஆதரித்த ஹாலே நகரத்துப் பெரியவர்களே அதை அச்சிட மறுத்தார்கள். அது புத்தகமானது 1867-ல்! கோபன்ஹேகனில் மிஷன் பணியை நிர்வகித்தவர்களிடம் இருந்தும் கடைசிக் காலத்தில் கண்டிப்பான கடிதங்கள் வந்தன. 1719 பிப்ரவரி 23-ல் இறந்தபோது அவருக்கு வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும்தான் மொழிபெயர்த்திருந்தார்.

"வெளியாள் அடிச்சா தாங்கிடலாம். நம்ம ஆளுங்க கைவிட்டாதான் தூக்கம் போகுது" என்று சித்தப்பா மெதுவாகச் சொன்னார். ஆறு மாதத்தில் அவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தத் தனிமையிலும் சீகன்பால்கு எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிகள் நடத்தினார், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. இங்கிலாந்தில் இருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயில் இருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்ததால், தரங்கம்பாடியிலேயே சிறியதாக வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலை வந்தது. 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற குருண்ட்லரும் அடுத்த வருடமே இறந்துபோனார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1733-ல் ஆரோன் என்ற தமிழர் இதே ஊரில் போதகராக அபிஷேகம் பெற்றார். தான் இல்லாவிட்டாலும் நடக்கிற மாதிரி ஒரு வேலையை அமைத்ததுதான் சீகன்பால்கின் தலைமை என்று எனக்குத் தோன்றியது.

அதற்காக அவர் குறையே இல்லாதவர் என்றில்லை. கோபக்காரர், அவசரக்காரர் என்றும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்துவிட்டார். "அது எனக்கும் உண்டு. கணக்கை ஒட்டினது தப்பில்லை. பொருளாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஒட்டினது தப்பு."

சாயங்காலம் கடற்கரையில் வறுத்த கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில், பாதித் தூக்கத்தில் இருந்த என்னைத் தட்டி எழுப்பினார்.

"இந்த மாசக் கணக்கை உன் ஆபீஸ்ல ரெண்டு காப்பி பிரிண்ட் எடுத்துத் தர்றியாம்மா? ஒண்ணு போர்டுக்கு. இன்னொண்ணை முதல்ல பொருளாளர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கணும்."