தடவிப் பார்த்த கைகள்



ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். ஈசாக்கு ஏமாந்துபோனார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர் விசாரிக்காமல் ஏமாறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வேட்டை எப்படி இத்தனை சீக்கிரம் கிடைத்தது என்று கேட்டார். மகனை அருகே அழைத்துத் தடவிப் பார்த்தார். குரல் யாக்கோபினுடையது என்பதை அவருடைய காது சரியாகவே அறிந்தது. அதை அவர் வாய்விட்டும் சொன்னார். ஆயினும் கைகளில் ரோமம் இருந்தது. கையா குரலா என்று வந்தபோது அவர் கையையே நம்பினார். அந்த ரோமமோ வெள்ளாட்டுக்குட்டியின் தோலில் இருந்தது.

இதை வாசிக்கையில் 2004ஆம் ஆண்டில் நடந்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று காலையில் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் நான்கு பயணிகள் ரயில்களில் குண்டுகள் வெடித்து, 190க்கும் அதிகமானோர் மாண்டனர். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையின்மேல் விரல்ரேகை ஒன்று கிடைத்தது. அதன் டிஜிட்டல் படம் இன்டர்போல் வழியாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குச் சென்றது. அவர்களுடைய கணினி, ஒத்துப்போகக்கூடிய 20 பேரின் ரேகைகளை எடுத்துக்கொடுத்தது. அவர்களுள் ஒருவர் ஒரேகான் மாநிலத்து வழக்கறிஞர். முன்பு ராணுவத்தில் இருந்தவர் ஆதலால் அவருடைய ரேகை பதிவில் இருந்தது. (அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குற்றமற்ற அந்த மனிதரின் பெயர் அந்நாட்களில் வேண்டிய மட்டும் அச்சேறிவிட்டது.)

அனுபவமிக்க நிபுணர் ஒருவர் இரண்டு ரேகைகளையும் ஒப்பிட்டு, இவருடையதே என்றார். வேறு இருவர் சரிபார்த்து ஆமோதித்தனர். ஏப்ரலில் ஸ்பெயின் காவல்துறை, எங்கள் ஒப்பீட்டில் இது பொருந்தவில்லை என்று தெரிவித்தது. எஃப்.பி.ஐ. தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நூறு சதவீதம் உறுதி என்றே நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. மே 6 அன்று அவர் சிறைப்பட்டார்.

ஒரு குழந்தைகூடக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: அவர் ஸ்பெயினுக்கு எப்படிப் போனார்? பல ஆண்டுகளாக அவர் நாட்டைவிட்டு வெளியே சென்றதற்கு எந்தப் பதிவும் இல்லை. இந்தக் கேள்வி எழாமல் இல்லை, பிரியமானவர்களே. எழுந்தது, பதிலும் சொல்லப்பட்டது. அவர் பொய்ப் பெயரில் பயணம் செய்திருக்கலாம் என்பதே அந்தப் பதில்! அவரை விடுவிக்க வேண்டிய உண்மை, அவரைக் கள்ளத்தனம் உள்ளவராகவும் ஆக்கிற்று.

நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ரேகை அவருடையதே என்றார். ஆனால் மே மாதத்தின் பிற்பகுதியில் ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகைக்கு உரியவனைக் கண்டுபிடித்து அறிவித்தது. அவன் அல்ஜீரிய நாட்டவன். மே 20 அன்று வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார். 2006இல் அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது.

தவறுக்குக் காரணம் படத்தின் தரக்குறைவு என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையில் அது நிலைக்கவில்லை. இரண்டு ரேகைகளும் அபூர்வமாக ஒத்திருந்தன, உண்மைதான். ஆனால் வழக்கறிஞரின் தெளிவான ரேகையில் கண்ட அடையாளங்களையே நிபுணர்கள் மங்கலான படத்திலும் தேடத் தொடங்கினர், தேடியதைக் கண்டனர். அவர் இஸ்லாமியர் என்பது பின்னர் தெரியவந்தபோது, மறுபடி சோதிக்கும் மனமும் அங்கே குறைந்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை கூறிற்று. நிபுணர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. தவறைக் கண்டுபிடித்த ஸ்பெயின் நாட்டவரும் நிபுணர்களே.

நான் எழுத வந்தது என்னைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆராதனையில் கீபோர்டு வாசித்த வாலிபன் ஒருவனின் படம் சபைக் கமிட்டிக்கு வந்தது. இரவு நேரம்; மதுக்கடை வாசல். எவராவது ஒட்டிச் சேர்த்ததாக இருக்கலாம் என்று ஐயப்பட்டு, கணினித் துறையில் பணிபுரியும் சகோதரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் நிழலையும் வெளிச்சத்தையும், கோப்பில் பதிவாகியிருந்த நாளையும் நேரத்தையும் பொறுமையாகச் சோதித்து, “அசல் படம்தான், ஐயா” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அன்றே அந்த வாலிபனைக் கீபோர்டிலிருந்து விலகியிருக்கச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அந்த மௌனத்தையும் நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஆலயத்தைப் பெருக்கும் பாட்டியம்மா விளக்குமாறும் கையுமாக வந்து நின்றார். “அவன் அப்பனைக் கூட்டிவரத்தான் போயிருப்பான், ஐயா. அந்த வீட்டிலே வேற யார் போவா?” என்றார்.

அவன் தகப்பனாரின் குடிப்பழக்கம் விடுபட வேண்டுமென்று அதே வீட்டில் நான் எத்தனையோ முறை முழங்கால்படியிட்டு ஜெபித்திருக்கிறேன். படம் அசலா என்று கேட்கத் தெரிந்த எனக்கு, அவன் ஏன் அங்கே நின்றான் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று மாலையே சென்று மன்னிப்புக் கேட்டேன். “நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ஐயா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இப்போது அவன் வேறொரு சபையில் வாசிக்கிறான்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு மனிதருடைய கை பாதியாக வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அந்த முழங்கையை அவன் தாங்கிப் பிடித்திருக்கிறான். கமிட்டியில் நாங்கள் அனைவரும் அந்தக் கையைப் பார்த்தோம். சேர்ந்து குடிக்கிற நண்பன் என்று எண்ணிக்கொண்டோம்.