காதுதான் மீட்டர்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிற பேருந்து, காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குமுன் காளப்பநாயக்கன்பட்டியைக் கடக்கிறது. மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. நான் இறங்கியது ஒரு டிவி மெக்கானிக்கைப் பார்ப்பதற்காக. டிவியையும் ஹோம் தியேட்டரையும் வீட்டில் பொருத்திக் கொடுப்பவர்களின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும் பொருளைப் பற்றி விளம்பரங்கள் ஓயாமல் பேசுகின்றன. அந்தப் பொருளைக் காதுக்கு இசைவாக ஆக்கித் தருகிற ஆட்களைப் பற்றி எழுதுவார் இல்லை.

கடை பஸ் நிறுத்தத்தில் இருந்து நடக்கிற தூரம்தான். பத்துக்குப் பத்து அறை. சுவரை ஒட்டிய பலகைகளில் மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர்கள், கோன் கிழிந்த ஊஃபர்கள், பழைய ரிமோட்டுகள். சால்டரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருந்தது. ஈயமும் ஃபிளக்ஸும் உருகிய வாசனை வாசல்வரை வந்தது. மெக்கானிக் ஐம்பதைக் கடந்தவர். "வாங்க சார், உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கையில் இருந்த போர்டில் இருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். அவரிடம் தொழில் பழகும் பையன் கீழே உட்கார்ந்து ஸ்பீக்கர் வயரின் முனைகளைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கிக்கொண்டிருந்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் படம் வந்து சேர அதன் பிறகும் பல ஆண்டுகள் பிடித்தன. கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிய காலத்தில்தான் இவர் தொழிலுக்கு வந்திருக்கிறார். "ஜி.ஐ. பைப்புல ஆன்டெனாவக் கட்டி ஒருத்தர் மாடியில நின்னு திருப்புவாங்க. கீழ இருந்து ஒருத்தர் 'தெரியுது, தெரியுது, விட்றாத'ன்னு கத்துவாங்க. அதுதாங்க அன்னைக்கு வேலை" என்றார். 1993இல் சன் டிவி வந்தபின் கேபிள் வயர் தெருத்தெருவாக ஓடியது. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. மலைக் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் டிவி. பழுதானால் துணியில் மூட்டை கட்டி, பஸ்ஸில் மடிமேல் வைத்து இவர் கடைக்குக் கொண்டுவருவார்களாம். மலையின் ஈரக் காற்றில் எல்.ஓ.டி. (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) அடிக்கடி போய்விடும் என்கிறார்.

இப்போது மாடிக்கு மாடி டிடிஎச் டிஷ். கிழக்கே சுவராக எழும்பி நிற்கிறது கொல்லிமலை. டிஷ்கள் பார்ப்பதும் தென்கிழக்குத் திசையைத்தான். மலை மறைக்காதா என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டினார். தமிழ்நாட்டில் டிவி பார்க்க உதவும் செயற்கைக்கோள்களில் சில, கிழக்குத் தீர்க்கரேகை 91.5, 93.5 டிகிரிகளில் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கின்றன. நம் ஊரில் இருந்து பார்த்தால் அவை அடிவானத்துக்கு 60 டிகிரிக்கும் மேலே, உச்சி வானத்தை ஒட்டி இருக்கின்றன. மலை முகடு அந்த உயரத்துக்கு வருவதே இல்லை. மலை மேலேயும் அப்படித்தான். அங்கே தொல்லை கொடுப்பவை பலா மரமும் சில்வர் ஓக்கும்தான். பாதி நாள் மரக்கிளை பார்ப்பதிலேயே போய்விடுகிறது என்றார்.

படம் இவ்வாறு வானத்தில் இருந்து வந்துவிட்டது. ஒலிக்கான ஆசை தியேட்டரில் இருந்து வந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வெளியானது. அடுத்த ஆண்டு வந்த 'கருப்பு ரோஜா'வைத் தமிழின் முதல் டி.டி.எஸ். படம் என்று சொல்வார்கள். தியேட்டர் வாசலில் டி.டி.எஸ். போர்டு மாட்டியதும் கூட்டம் கூடியது. பின்னாலேயே, அந்தச் சத்தம் நம் வீட்டிலும் வேண்டும் என்ற ஆசையும் வந்தது. கம்பெனி ஹோம் தியேட்டர் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அந்த இடத்தைப் பிடித்தவர்கள் சிறு நகர மெக்கானிக்குகள். 4440 ஐ.சி. போட்ட சின்ன போர்டில் தொடங்கி, 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட பெரிய போர்டுவரை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் சேர்த்து, ஒரு கேபினெட்டுக்குள் அடக்கி 'அசெம்பிள் செட்' என்று கொடுத்தார்கள். ஊஃபருக்கு மரப்பெட்டி செய்து தந்தவர் உள்ளூர் ஆசாரி. தமிழ்நாட்டில் டீக்கடை, சலூன், மினி பஸ், கோயில் திருவிழா என்று எங்கும் பாடிக்கொண்டிருந்தது இந்தக் கைகள் செய்த செட்தான். இந்தத் தொழில்நுட்ப வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மதியம் ஒரு வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அங்கே புதிதாக 43 அங்குல எல்.இ.டி. டிவி வந்திருந்தது. கம்பெனி ஆள் வந்து சுவரில் மாட்டி, ரிமோட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் ஏற்கெனவே இவர் செய்து கொடுத்த 5.1 அசெம்பிள் செட் இருந்தது. இரண்டையும் முறையாகச் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரரின் புகார் ஒன்றுதான்: "பாட்டெல்லாம் நல்லாக் கேக்குதுங்கண்ணா. பேசறதுதான் ஒண்ணும் புரியல. ஆத்தா டிவி பாக்கறதயே வுட்டுட்டாங்க."

அவர் முதலில் டிவியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பழைய டிவியில் இருந்த சிவப்பு, வெள்ளை ஆடியோ அவுட் இதில் இல்லை. எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றில் மட்டும் 'ஏஆர்சி' என்று எழுதியிருந்தது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியின் ஒலி வெளியே வருவது அதன் வழியாகத்தான். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4இல் இருந்து இருக்கும் வசதி இது. சவுண்ட் பார் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு கேபிள் போதும். வேறு துளையில் செருகிவிட்டு "சத்தமே வரல" என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய. அசெம்பிள் செட்டில் எச்.டி.எம்.ஐ. கிடையாது. அதனால் டிவியின் ஆப்டிக்கல் அவுட்டில் இருந்து ஒரு டிகோடர் பெட்டிக்குக் கேபிள் இழுத்து, டிகோடரில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆறு வயர்கள் கொடுத்தார். பிறகு டிவி மெனுவுக்குள் போய் ஒலி வெளியீட்டை பி.சி.எம்.மில் இருந்து பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினார். பி.சி.எம்.மில் விட்டால் ஆப்டிக்கல் வழியாக இரண்டு சேனல்தான் வரும், 5.1இல் எடுத்த படத்துக்குக்கூடப் பின் ஸ்பீக்கர்கள் தம் பங்கைப் பெறா. மேனுவலில் இருக்கிற செய்திதான். வீட்டில் யாரும் அதுவரை படித்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் அரை மணி நேரத்தில் முடிந்தது. வேறொருவராக இருந்தால் பாட்டு ஒன்றைப் போட்டு, சத்தத்தை ஏற்றிக் காட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார். இவர் செய்திச் சேனலைப் போட்டார். வாசிப்பவரின் குரல் அறை முழுக்கப் பரவி நின்றதே தவிர, ஓரிடத்தில் இருந்து வரவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டவர், பையனிடம் "செல்லக் குடுடா" என்றார்.

ரிமோட்டில் போடுகிற பென்சில் செல். ஒன்றரை வோல்ட். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருந்து முன் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் செல்லின் இரு தலைகளில் தொட்டார். ஸ்பீக்கரின் வலைத்துணியைக் கழற்றிவிட்டுப் பையன் கோன் அருகே குனிந்திருந்தான். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். "வெளிய வருதுங்கண்ணா." அடுத்த ஸ்பீக்கர். மறுபடி 'டப்'. "உள்ள போகுதுங்கண்ணா." பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் முன்னால் வர வேண்டும். இடப்பக்க ஸ்பீக்கரில் வெளி வயரின் நிறமெல்லாம் சரியாக இருந்தது. பெட்டியைத் திறந்தால், எப்போதோ கோன் மாற்றியபோது யாரோ உள் வயரை மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். ஒருவர் பேசும் பேச்சு இடம், வலம் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே அளவில் வருவது. ஒரு கோன் காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் மற்றது பின்னே இழுத்தால், நடுவில் உட்கார்ந்திருப்பவரின் காதில் அந்த இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரு பக்கமும் வேறு வேறாக ஒலிக்கும் வாத்தியங்கள் தப்பித்துவிடுகின்றன. பாட்டு கேட்டு, பேச்சு மட்டும் காணாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அலமாரியின் மேல் இருந்தது. பழைய பிக்சர் டியூப் டிவிக்கு அகலமான தலை உண்டு. நடு ஸ்பீக்கர் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எல்.இ.டி. டிவியின் விளிம்பில் விரலைக்கூட வைக்க முடியாது. அதனால் டிவி மாறிய அன்றே நடு ஸ்பீக்கர் அலமாரிக்கு ஏறிவிட்டது. சினிமாவில் வசனத்தின் பெரும்பகுதி அந்த ஒரு ஸ்பீக்கருக்குத்தான் வருகிறது. மெலிந்த டிவிகளின் சொந்த ஸ்பீக்கரோ பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துக்கொண்டு பேசுகிறது. வீட்டுக்கு வீடு "பேச்சு புரியல" என்று சொல்வதில் வியப்பில்லை. டிவிக்கு நேர் கீழே சுவரில் துளையிட்டு, ரால் பிளக் அடித்து, ரசமட்டம் வைத்து ஒரு பலகை பொருத்தினார். நடு ஸ்பீக்கர் அதில் வந்து உட்கார்ந்தது.

முன் ஸ்பீக்கர்கள் சாமி படங்களுக்குப் பக்கத்தில், கூரையை ஒட்டித் தொங்கின. அவற்றையும் இறக்கினார். "நம்மாளுங்க பாதிப்பேரு பாயிலதான் உக்காருவாங்க. அவங்க காது தரையில இருந்து ரெண்டரை அடி. சோபால உக்காந்தா மூணரை. ரெண்டுக்கும் நடுவுல வைக்கோணும்" என்றார். கம்பெனிக் குறிப்பேடுகள் காது உயரம் என்று சொல்லும்போது சோபாவை மட்டுமே நினைத்துக்கொள்கின்றன. பாயில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கான அளவு இவரைப் போன்றவர்களின் அனுபவத்தில்தான் இருக்கிறது. மூலையில் இருந்த ஊஃபரை இரண்டடி தள்ளி வைத்தார். இரு சுவர்கள் சேரும் மூலை தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கும். அந்த இரைச்சலில் பேச்சு அமிழும். டைல்ஸ் தரையும் சிமென்டுச் சுவரும் எதிரொலிக்கின்றன என்று ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று போடச் சொன்னார்.

ஆம்ப்ளிஃபயரில் மெல்லிய 'ஊம்' சத்தம் மிச்சம் இருந்தது. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் அடங்கிவிடும் என்று வீட்டுக்காரர் எங்கோ கேட்டதைச் சொன்னார். இவர் குரல் அப்போதுதான் கடுமையானது. "எர்த்த எடுத்தா எரைச்சல் போயிருமுங்க. நாளைக்கு கேபினெட்டுல கரன்ட் வந்தா, தொட்டவங்க உசுரும் போயிரும். அந்த வேலை எங்கிட்ட கேக்காதீங்க." ஆம்ப்ளிஃபயரையும் டிவியையும் செட்டாப் பாக்ஸையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றி, ஆடியோ வயரைக் கரன்ட் வயரில் இருந்து விலக்கிக் கட்டியதும் இரைச்சல் காதுக்கு எட்டாத அளவுக்கு இறங்கியது. கோடை இடிக்கு முன் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றிவிட வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி, ஒருமுறை அவர்களையே கழற்றிச் செருக வைத்தார்.

கடைசியில் ஆத்தாவைக் கூப்பிட்டு அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார். சீரியல் ஓடியது. சத்தம் முன்பைவிடக் குறைவுதான். ஆத்தா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இப்பப் பேசறது தெரியுது சாமி. முன்னெல்லாம் வாய் அசையறது மட்டுந்தான் தெரியும்." நடு ஸ்பீக்கரை இன்னும் ஒரு புள்ளி ஏற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார்.

அவர் கேட்ட கூலி ஒரு நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிளின் விலைகூட இல்லை. அதிலும் பேரம் நடந்தது. "வயர் சொருகறதுக்கு இவ்வளவா?" என்பதுதான் இந்தத் தொழிலில் அன்றாடம் கேட்கிற கேள்வி என்றார் திரும்பும் வழியில். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. டிடிஎச் பொருத்துவதற்கும் திறன் பயிற்சிச் சான்றிதழ் உண்டு. அவை தேவையானவை. ஆனால் செய்தி வாசிப்பைக் கேட்டே வயர் மாறியிருப்பதைச் சந்தேகிக்கிற காது, பல வீடுகளில் உட்கார்ந்து கேட்டதால் வந்தது. அது எந்தச் சான்றிதழிலும் ஏறுவதில்லை, கூலியிலும் ஏறுவதில்லை. ஆன்லைனில் பொருள் வாங்கி, கம்பெனி ஆள் மாட்டிவிட்டுப் போகிற காலத்தில் அசெம்பிள் வேலை குறைந்துகொண்டே வருகிறது. மீதி இருப்பது இந்தக் காது ஒன்றுதான். அதற்குக் கூலி இல்லையென்றால் வயர் சீவிக்கொண்டிருந்த பையன் நாமக்கல்லுக்கு லாரி வேலைக்குப் போய்விடுவான்.

உங்கள் வீட்டில் அடுத்தமுறை டிவியோ ஹோம் தியேட்டரோ பொருத்தும்போது, பாட்டுக்குப் பதில் செய்தியைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் காது மந்தமான பெரியவர் எங்கே உட்காருவாரோ அங்கே அந்த மெக்கானிக்கை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். அப்படிக் கேட்டுச் சரிசெய்த நேரத்துக்கும் சேர்த்து, பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.