விற்கும் முன் டிராக்டருக்குச் செலவு செய்யலாமா?

பழைய டிராக்டரை விற்க முடிவெடுத்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி, 'அப்படியே கொடுப்பதா, வேலை பார்த்துவிட்டுக் கொடுப்பதா?' என்பதுதான். ஆலங்குடி பக்கம் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கும் சித்திரை மாதத்தில் இதே கேள்வி வந்தது. வீட்டில் நின்றது 13 வருடம் உழைத்த டிராக்டர். மகளின் நர்சிங் படிப்புக்கு இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

வண்டியில் குறைகள் இருந்தன. இறக்கத்தில் நிறுத்தி உருட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும். லிப்ட், தூக்கிய கலப்பையைப் பிடித்து நிறுத்தாமல் மெல்ல இறக்கிவிடும். பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். உழவில் சுமை ஏறினால் நீலப் புகை வரும். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு என்று சிறு செலவில் முடிய வாய்ப்புண்டு. நீலப் புகை அப்படியல்ல. ரிங், லைனர் தேய்ந்து இன்ஜின் ஆயில் எரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

"இன்ஜினை இறக்கி லைனர், பிஸ்டன் மாத்தினா 65,000 ஆகும்ணே" என்றார் மெக்கானிக். அப்படியே கொடுத்தால் 1,60,000 தருவதாக ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். இன்ஜின் வேலை முடித்தால் 2,10,000 வரை போகும் என்றார் தரகர்.

அவருடைய மனைவி மகளின் பழைய நோட்டில் கணக்குப் போட்டார். 65,000 செலவழித்தால் கூடுதலாகக் கிடைப்பது 50,000. கையிலிருந்து 15,000 போகும். வாங்குபவரோ தன் கண் முன்னால் நடக்காத இன்ஜின் வேலையை முழுதாக நம்பமாட்டார். தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் தன் செலவில் பார்ப்பதையே விரும்புவார். அதனால் இன்ஜினைத் தொடுவதில்லை என்று முடிவானது. புது பெயின்ட் அடிக்கும் யோசனையும் கைவிடப்பட்டது. பழைய வண்டியில் புது பெயின்டைப் பார்த்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் வாங்க வருபவருக்குத் தோன்றும்.

ஆனால், சில வேலைகளைச் செய்தே ஆக வேண்டியிருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் வந்தவர் மற்றதைப் பார்க்காமலே விலையைக் குறைப்பார். பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது. பேட்டரிக்கு 6,500, லிப்ட் சீலுக்கும் ஆயிலுக்கும் 4,500, பிரேக் லைனிங்குக்கு 2,500, ஏர் ஃபில்டருக்கும் வாட்டர் வாஷுக்கும் 1,500. ஆக மொத்தம் 15,000.

அடுத்த வாரம் தரகர் ஒரு ஆளைப் பிடித்தார். பக்கத்து ஊர் இளைஞர். வாடகை உழவு ஓட்டுவதற்காக நகையை அடகு வைத்துப் பணம் புரட்டியவர். "கெட்டியான ஆயிலை ஊத்திடுவோம். ரெண்டு நாளைக்குப் புகை தெரியாது. ரெண்டு லட்சம் முழுசா வாங்கலாம்" என்றார் தரகர்.

கணவருக்குச் சபலம் தட்டியது. கட்டணம் கட்ட பத்து நாள்தான் இருந்தது. மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "ஆடிப் பட்டத்துல அந்தப் புள்ள யார் வயல்லயோ உழும்போது வண்டி நின்னா, அவரு அடகுக் கடைக்கு என்னத்தைக் கட்டுவாருங்க?" என்றார். மறுநாள் இளைஞர் வந்ததும், "தம்பி, ஆயில் குடிக்குது. ரிங் வேலை இருக்கு. உங்க மெக்கானிக்கைக் கூட்டிவந்து உழுது பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார் கணவர். மெக்கானிக் வந்தார், அரை ஏக்கர் உழுது பார்த்தார்கள். 1,82,000-க்கு விலை முடிந்தது. செலவு போக நின்றது 1,67,000. வியாபாரி சொன்னதைவிட 7,000 அதிகம். இன்ஜின் வேலை பார்த்திருந்தால் நின்றிருப்பது 1,45,000தான்.

அவர்களை உண்மையில் அலையவிட்டது காகித வேலை. கடனைக் கட்டி முடித்துப் பல வருடம் ஆகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமலே இருந்தது. வங்கியில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து நீக்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. விற்கும் எண்ணம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பதிவுக்கு 15 வருடம்தான் ஆயுள்; பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெற்றுத் தாளிலோ முத்திரைத் தாளிலோ எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டால் போதாது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அந்தத் தம்பதி, இரண்டு படிவங்களிலும் கையெழுத்தான பிறகே சாவியைக் கொடுத்தார்கள். கல்லூரிக் கட்டணம் கடைசி நாளுக்கு முதல் நாள் கட்டப்பட்டது.